டைப்ரைட்டர் கீபோர்டு: தமிழ் அடிக்கவும் கேம் ஆடவும் ஒரே பலகை

இப்போது என் மேசையில் இருக்கும் கீபோர்டில் நான்கு வகைச் சுவிட்சுகள், அதாவது விசைக்கு அடியில் இருந்து தட்டலைக் கணினிக்குச் சொல்லும் பொறிகள், கலந்திருக்கின்றன. வகைக்கு நிறம்தான் பெயர். பெரும்பாலான எழுத்துகளுக்குக் கீழே பிரவுன். கேம் ஆடும் விசைகளுக்குக் கீழே சிவப்பு. வலது சுண்டுவிரல் தட்டும் இடங்களில் மிக இலகுவான வெள்ளை. என்டரிலும், அதிகம் தொடாத மேல்வரிசைகளிலும் அம்புகளிலும் மட்டும் ‘டக்’கென்று சத்தம் போடும் நீலம். வாங்கியபோது 87 விசைகளிலும் நீலம்தான் இருந்தது. பழைய டைப்ரைட்டர் போல வட்ட விசைகள் கொண்ட மெக்கானிக்கல் கீபோர்டை வாங்கி, அதைத் தமிழ் 99 என்ற தமிழ் விசை அமைப்புக்கும் துப்பாக்கிச் சண்டை கேமுக்கும் ஒத்துவரும்படி மாற்றியதை அளவோடும் செலவோடும் இங்கே எழுதி வைக்கிறேன். ஆங்கிலத்தில் வரும் விமர்சனங்கள் எத்தனை படித்தாலும், தமிழ் 99இல் அடிப்பவரின் வலது சுண்டுவிரல் படும் பாட்டை யாரும் சொல்வதில்லை. எனக்கு அதுதான் முக்கிய விஷயமாகிவிட்டது.

நான் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட். சுற்றிலும் ரப்பரும் செம்பனையும். பகலில் ஆபீஸ் வேலை, அதற்கு மலாயும் ஆங்கிலமும் அடிக்க வேண்டும். மாலையில் தமிழ்: கோயில் திருவிழா நோட்டீஸ், தமிழ்ப்பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டக் குறிப்பு, எப்போதாவது ஞாயிறு மலருக்கு ஒரு சிறுகதை. சனி, ஞாயிறு வந்தால் அக்கா மகன் அதே மேசையில் உட்கார்ந்து கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆடுவான். அவன் எழுந்த பிறகு நானும் ஆடுவேன். மேசையின் அகலம் 90 செ.மீ. பக்கத்து அறைக்கும் இந்த அறைக்கும் நடுவே பலகைச் சுவர்தான். அந்தப் பக்கம் அம்மா ஒன்பதரைக்குத் தூங்கப் போய்விடுவார். இவ்வளவையும் ஒரே கீபோர்டு தாங்க வேண்டும்.

வட்ட விசை மேல் ஆசை வந்ததற்குத் தோட்ட ஆபீஸ் காரணம். கிராணியார் மேசையில் இருந்த பெரிய டைப்ரைட்டரின் சத்தம் பெரட்டுக்களம் (காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் இடம்) வரைக்கும் கேட்கும். அதில் விசை ஒரு சென்டிமீட்டருக்கும் மேலே கீழிறங்கும். இன்றைய கீபோர்டு அந்த ஆழத்துக்கு வராது, வரவும் வேண்டாம். ஆனால் ஒரு எழுத்து விழுந்தது என்பதை விரல் நிச்சயமாக உணர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அங்கிருந்துதான் எனக்கு வந்தது. தமிழ்த் தட்டச்சுக்கும் இந்த மண்ணுக்கும் பழைய தொடர்பு உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு வந்து சிங்கப்பூரில் வேலை பார்த்த ஆர். முத்தையாதான் தமிழ்த் தட்டச்சுப்பொறிக்கு விசை அமைப்பைக் கண்டவர். அவர் அமைப்பில் ஜெர்மனியில் ‘பிஜோ’ என்ற பெயரில் பொறிகள் செய்யப்பட்டன. பிறகு கணினிக் காலத்தில், 1985இல் முத்து நெடுமாறன் மலேசியாவில் தொடங்கிய முரசு அஞ்சல் மென்பொருள் வந்தது. நான் கணினியில் தமிழ் கற்றுக்கொண்டது அதில்தான்.

சரி, தேர்வுக்கு வருவோம்.

டைப்ரைட்டர் பாணி என்று தேடினால் முதலில் வருவது குவெர்க்கிரைட்டர். 2014இல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டி வந்த பலகை. குரோம் வளையம் போட்ட வட்ட விசைகள், இரண்டு பக்கமும் திருகும் குமிழ், இடது பக்கம் தள்ளினால் என்டர் விழும் கைப்பிடி எல்லாம் உண்டு. பார்க்க மிக அழகு. விலை நம் காசுக்கு ஆயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) பக்கத்தில் வருகிறது, அனுப்பும் செலவு தனி. அடுத்தது அசியோ ரெட்ரோ கிளாசிக், தோல் அல்லது மரம் பதித்த மேல்தகட்டுடன் வரும். அது எண் பகுதியோடு கூடிய முழு அளவுப் பலகை. என் மேசையில் மவுஸுக்கு இடம் மிஞ்சாது. லோஃப்ரீயின் வட்ட விசைப் பலகைகள் சிறியவை, வண்ணங்களும் நன்றாக இருக்கின்றன, ஆனால் நான் தேடியது கருப்பு. எயிட்பிட்டோ நிறுவனம் 2023இல் 99.99 டாலருக்கு விட்ட ரெட்ரோ கீபோர்டையும் பார்த்தேன். 87 விசை, சுவிட்சைக் கழற்றி மாட்டலாம், உள்ளே கைல் பாக்ஸ் ஒயிட் சுவிட்ச். தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதன் தோற்றம் பழைய நிண்டெண்டோ கேம் பெட்டியைப் பார்த்துச் செய்தது, விசைகள் சதுரம். எனக்கு வேண்டிய ‘பழசு’ அது இல்லை.

இந்தக் கட்டத்தில் மூன்று நிபந்தனைகளை எழுதிச் சுவரில் ஒட்டினேன். முதலாவது, 87 விசை அளவு. எண் பகுதி இல்லாததால் அகலம் 36 செ.மீ.க்குள் முடிந்துவிடும். முழுப் பலகை என்றால் 44 செ.மீ. வரை போகும். இரண்டாவது, சதுர அடைப்புக்குறி இரண்டும், அரைப்புள்ளி, மேற்கோள் குறி, சாய்கோடு ஆகியவையும் வழக்கமான இடத்தில் வழக்கமான அளவில் இருக்க வேண்டும். தமிழ் 99இல் இவை குறிகள் அல்ல, எழுத்துகள். அடைப்புக்குறிகள் ச, ஞ. அரைப்புள்ளி ந. மேற்கோள் ய. சாய்கோடு ழ. சில குட்டிப் பலகைகளில் சாய்கோட்டுக்கு ஒட்டினாற்போலவே மேல் அம்பு விசையைச் செருகிவிடுகிறார்கள். ‘பழைய’ என்று அடிக்கும்போது விரல் கொஞ்சம் தள்ளிப் போனால் கர்சர் மேல் வரிக்கு ஏறிவிடும். மூன்றாவது, சுவிட்சைக் கழற்றி மாற்றும் வசதி. மூன்றில் எனக்குப் பிறகு கைகொடுத்தது இதுதான். சாலிடர் செய்த பலகை வாங்கியிருந்தால் இந்தப் பதிவே கிடையாது.

கழற்றும் வசதியிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சில மலிவுப் பலகைகளின் குழிகள் ஒல்லியான கால் உள்ள சுவிட்சுகளை மட்டுமே ஏற்கும். விற்பவரிடம் ‘எல்லா மூன்று கால், ஐந்து கால் சுவிட்சும் பொருந்துமா’ என்று எழுத்தில் கேட்டு, ‘பொருந்தும்’ என்ற பதில் வந்த பிறகுதான் காசு கட்டினேன். ஐந்து கால் என்பதில் இரண்டு உலோகக் கால்கள்தான் மின்சாரத்துக்கு. நடுவில் ஒரு தடித்த பிளாஸ்டிக் தூண், ஓரத்தில் இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் கால்கள். பலகையில் அந்த ஓரத் துளைகள் இல்லாவிட்டால் மெல்லிய கால்களை நகவெட்டியால் வெட்டிவிட்டு மாட்டலாம்.

பலகையின் விலை 208 வெள்ளி. பொருள் வெளிநாட்டிலிருந்து வந்ததால் அதற்கு மேல் 10 விழுக்காடு விற்பனை வரி. 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட ஆன்லைன் இறக்குமதிக்கு 2024 ஜனவரி 1 முதல் இந்த வரி இருக்கிறது. திரையில் முதலில் காட்டும் விலையை நம்பிக் கணக்குப் போடுபவர்கள் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தம் 229 வெள்ளி.

பார்சல் வருவதற்குள், ஒன்பது சுவிட்ச் பதித்த மாதிரிக் கட்டை ஒன்றை 24 வெள்ளிக்கு வாங்கி விரலைப் பழக்கிக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டை கணினியோடு சேராது, வெறுமனே அழுத்திப் பார்க்கலாம். அழுத்தினால் எல்லாமே நன்றாகத்தான் தோன்றும். ஒரு முழுப் பக்கம் அடித்தால்தான் வித்தியாசம் தெரியும். அதனால் எடை போட்டுப் பார்க்க முடிவு செய்தேன். அதற்கு நம் 50 சென் காசு போதும். 2012இல் வந்த புது வரிசை 50 சென் ஒன்று 5.66 கிராம். காசுகளை டேப்பில் இறுக்கிச் சுற்றிச் சுவிட்சின் தலையில் மெதுவாக வைத்து, எத்தனை காசில் தண்டு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். பலகை வந்த பிறகு அதே சோதனையைத் திரையில் எழுத்து விழுகிறதா என்று பார்த்துத் திரும்பச் செய்தேன். சிவப்பு 8 காசில் எழுத்தைப் போட்டது, அதாவது 45 கிராம். பிரவுன் அதன் மேட்டை, அதாவது பாதி வழியில் விரலுக்குத் தெரியும் சின்னத் தடையை, தாண்ட 10 காசு கேட்டது. நீலத்துக்கு 11 காசு, 62 கிராம். இலகு வெள்ளை 6 காசிலேயே விழுந்துவிட்டது. செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் சுவிட்ச் வகைகளுக்கு அச்சில் போடும் எண்களோடு இவை கிட்டத்தட்ட ஒத்துப்போயின. ஒரே வகைக்குள்ளேயே ஒரு காசு கூடவோ குறையவோ இருந்தது. வீட்டுச் சோதனைக்கு அது போதுமான துல்லியம்.

கைல் பாக்ஸ் ஒயிட்டும் அந்தக் கட்டையில் இருந்தது. நீலத்தில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறை கீழே விழுந்து சத்தம் எழுப்புகிறது. பாக்ஸ் ஒயிட்டில் ஒரு மெல்லிய கம்பி தெறிக்கிறது. சத்தம் கூர்மை. மருமகனுக்கு அது மிகவும் பிடித்தது. பலகைச் சுவரை நினைத்து நான் விட்டுவிட்டேன்.

பலகை வந்ததும் முதலில் நீலத்தோடேயே ஓட்டினேன். தமிழ் அடிக்க முதல் சில நாள் பெரிய சந்தோஷம். ஒவ்வொரு எழுத்துக்கும் விரலுக்கு ஒரு பதில் வந்தது. கேமில்தான் முதலில் இடறியது.

“மாமா, டி-யைத் தட்டுறேன், ரெண்டாவது தட்டு விழமாட்டேங்குது.”

அவன் சொன்னது சரி. கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் இடது பக்கம் ஓடும்போது ஏ-வை விட்டுவிட்டு டி-யை ஒரு கணம் தட்டினால் ஆள் சட்டென்று நிற்பான். நின்றால்தான் குண்டு நேராகப் போகும். அதற்கு விசை சீக்கிரம் ‘விடுபட’ வேண்டும். நீலச் சுவிட்சில் எழுத்து 2.2 மி.மீ. ஆழத்தில் விழுகிறது. ஆனால் விடுபட, அந்த இடத்தையும் தாண்டி இன்னும் மேலே ஏறி வர வேண்டும், ஏனென்றால் சத்தம் போடும் உறை மறுபடி மேலே போய் உட்கார வேண்டும். சிவப்பில் அப்படி ஒன்றும் இல்லை. விழும் புள்ளியும் விடும் புள்ளியும் ஏறக்குறைய ஒன்றுதான், 2 மி.மீ. சுற்றி. அதனால் விரலை முழுக்கத் தூக்காமலேயே திரும்பத் திரும்பத் தட்டலாம். கேமுக்குச் சிவப்பை எல்லாரும் சொல்வதற்குக் காரணம் எடை மட்டுமில்லை, இதுதான்.

விடுபடும் இடத்தையே மாற்றி அமைக்கக்கூடிய காந்தச் சுவிட்ச் கீபோர்டுகள் இப்போது வந்துவிட்டன. அவற்றில் சில, இரண்டு எதிர்த்திசை விசைகளைத் தாங்களே சமாளிக்கும் வசதியோடு வந்தன. அந்த வசதியை, கேமை நடத்தும் வால்வ் நிறுவனம் 2024 ஆகஸ்டில் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2இன் அதிகாரபூர்வ சர்வர்களில் தடை செய்தது. எங்கள் வீட்டு ஆட்டத்துக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

சுவிட்ச் கழற்றும் இடுக்கி பலகையோடே வந்தது. மேலும் கீழுமாக இருக்கும் இரண்டு கொக்கிகளை அமுக்கி நேராக மேலே இழுக்க வேண்டும். பக்கவாட்டில் ஆட்டி இழுத்தால் கீழே இருக்கும் குழியின் சாலிடர் விட்டுப்போகும். மாட்டும்போது இரண்டு உலோகக் கால்களும் நேராக இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, பலகையின் அடியில் ஒரு விரலைத் தாங்கு கொடுத்துத்தான் அமுக்குகிறேன். ஒரு சிவப்புச் சுவிட்சின் கால் வளைந்து குழிக்கு வெளியே மடங்கிவிட்டது. மூக்குப் பிடிக்கும் சின்ன இடுக்கியால் நிமிர்த்தியதும் வேலை செய்தது. அந்தக் கால் தாமிரத் தகடுதான், இரண்டு முறைக்கு மேல் வளைத்தால் ஒடிந்துவிடும்.

10 சிவப்பு வாங்கினேன், 10 வெள்ளி. டபிள்யூ, ஏ, எஸ், டி நான்கு. டேப், கேப்ஸ் லாக், இடது ஷிஃப்ட், இடது கன்ட்ரோல், ஸ்பேஸ் ஐந்து. ஒன்று மிச்சம். தமிழில் இதனால் என்ன ஆகிறது என்று பார்த்தால், தமிழ் 99இல் அந்த நான்கு விசைகளும் ஈ, அ, இ, உ. உயிரெழுத்துகள் இடது கையில், மெய்கள் பெரும்பாலும் வலது கையில். 1999இல் இந்த அமைப்பை வகுத்தவர்கள் இரண்டு கையும் மாறி மாறி அடிக்கும்படி யோசித்துச் செய்திருக்கிறார்கள். இடது கை விசை இலகுவானதால் இ, உ வேகமாக விழுந்தன, குறை ஒன்றும் தெரியவில்லை. மலாய் அடிக்கும்போதுதான் பெரிய லாபம். மலாயில் மிக அதிகமாக வரும் எழுத்து ஏ, அந்த விசை மென்மையானதால் இடது சுண்டுவிரலுக்கு நல்ல ஓய்வு.

பிரச்சினை வலது பக்கம். முறையாகப் பத்து விரலில் அடிப்பவருக்குத் தமிழ் 99இல் வலது சுண்டுவிரல் கணக்கில் வருபவை ண, ச, ஞ, ந, ய, ழ. ஆறு மெய்கள்! ‘சஞ்சய்’ என்று ஒரு பெயர் அடித்துப் பாருங்கள். புள்ளி தானாக விழும் வசதியைச் சேர்த்து ஐந்து தட்டு, அதில் நான்கு அந்த ஒரே விரல். ‘செய்ய’, ‘நியாயம்’, ‘பழைய’, ‘சேர்ந்து’ என்று அன்றாடம் வரும் சொற்களிலெல்லாம் அதற்கு வேலை. இருக்கிற விரல்களில் பலம் குறைந்தது அது. அதற்கு 62 கிராம் கொடுத்தால், இரண்டு பக்கம் முடிவதற்குள் மணிக்கட்டின் வெளிப்புறம் இழுக்க ஆரம்பிக்கிறது.

வட்ட விசை இதை இன்னும் கெடுத்தது. அளந்து பார்த்தேன். விசைக்கு விசை நடுப்புள்ளித் தூரம் எல்லாக் கீபோர்டிலும் போல 19 மி.மீ. விரல் படும் மேல் மூடி சாதாரணமாகச் சதுரம், அடியில் 18 மி.மீ. அகலம், இடைவெளி ஒரு மி.மீ.தான். இந்த வட்ட மூடியின் விட்டம் 15.5 மி.மீ. அப்படியானால் இடைவெளி மூன்றரை. நான்கு மூடி கூடும் மூலையில் இன்னும் பெரிய பள்ளம். நடு விரல்கள் நேராக இறங்குவதால் அவற்றுக்குத் தொல்லையில்லை. சுண்டுவிரல் சாய்ந்துதான் வரும், ச-வுக்கு எட்டும்போது மூடியின் ஓரத்தில் படும். ஓரத்தில் பட்டால் மூடி சாய்ந்து தண்டு உரசும், அல்லது விரல் பள்ளத்தில் இறங்கி இரண்டு விசை சேர்ந்து விழும்.

முதலில் எடையைக் குறைத்தேன். 35 கிராம் வெள்ளைச் சுவிட்ச் பத்து, 14 வெள்ளி. ஆறு எழுத்துக்கும் மாட்டினேன். ச, ஞ, ய, ழ, ண ஐந்தும் அருமை. ந மட்டும் வேறு கதையானது. அரைப்புள்ளி விசை, சுண்டுவிரல் சும்மா இருக்கும்போது தங்குமிடம். யோசித்துக்கொண்டே விரலை வைத்திருந்தால் விரலின் எடையே போதும், ந விழுந்துவிடும். தமிழ் 99இல் ந-வுக்கு அடுத்து த வந்தால் புள்ளி தானாகச் சேரும். அதனால் கூட்டக் குறிப்பில் ‘ந்தமிழ்ப்பள்ளி’ என்று வந்தது. தேடித் தேடித் திருத்த வேண்டியிருந்தது. மிச்சமிருந்த அந்த ஒரு சிவப்பை ந-வுக்குக் கொடுத்தேன். அதோடு நின்றது. விரல் தங்கும் விசைக்கு 45க்குக் கீழே போகக் கூடாது, விரல் நீட்டி அடிக்கும் விசைக்கு 35 சரி. இந்த அளவு என் கைக்கு. கனமான கைக்காரர்கள் காசு அடுக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

மீதி எழுத்துகளுக்குப் பிரவுன் 35, ஒன்று ஒரு வெள்ளி. பிரவுனில் மேடு உண்டு, சத்தம் இல்லை. நீலத்தோடு ஒப்பிட்டால் அந்த மேடு மென்மைதான், ‘டைப்ரைட்டர்’ என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஆனாலும் இரவு பதினொரு மணிக்கு ஒரு பத்தி அடிக்க முடிகிறது, பக்கத்து அறையிலிருந்து குரல் வருவதில்லை. என்டருக்கு மட்டும் நீலத்தை விட்டுவைத்தேன். பத்தி முடிந்தால் ஒரு ‘டக்’. அது போதும் எனக்கு. எண்கள், எஃப் வரிசை, அம்புகள் எல்லாம் வந்தபடியே நீலம். அவற்றை மாற்றக் காசு செலவழிக்கவில்லை.

அடுத்து மூடிகள். எழுத்துப் பகுதிக்கு மட்டும் பிபிடி பிளாஸ்டிக்கில், தலையில் குழிந்த எக்ஸ்டிஏ வகை மூடிகளை 68 வெள்ளிக்கு வாங்கிப் போட்டேன். எல்லா வரிசைக்கும் ஒரே உயரம், விரல் நுனி உட்காரச் சின்னக் குழி. தண்டின் தலை சிலுவை வடிவம்தான் என்பதால் எந்தச் சிக்கலும் இல்லாமல் ஏறியது. வட்ட மூடிகள் எண் வரிசையிலும் எஃப் வரிசையிலும் அம்புகளிலும் இருக்கின்றன. முழு வட்டத்தின் அழகு போய்விட்டது, அது எனக்கு வருத்தம்தான். ஆனால் பிழை கண்கூடாகக் குறைந்தது. விட்டம் 17 மி.மீ.க்குக் குறையாத வட்ட மூடி எங்கேயாவது கிடைத்தால் மறுபடி முயன்று பார்ப்பேன்.

ஸ்பேஸ் விசையின் அடியில் இரண்டு பக்கமும் தாங்கும் கம்பி தளர்ந்து ‘கடகட’ என்றது. மூடியை எடுத்து, கம்பி பிளாஸ்டிக்கில் நுழையும் இரண்டு இடத்திலும் பல் குத்தும் குச்சியால் கெட்டியான சிலிக்கான் கிரீஸ் வைத்தேன். சின்னக் குழாய் 12 வெள்ளி, ஆயுசுக்கும் வரும். கையில் கிடைக்கிற எண்ணெய் எதையும் விடாதீர்கள். வழிந்து சுவிட்சுக்குள் போனால் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

இணைப்பு மூன்று விதம்: வயர், கணினியில் செருகும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் டாங்கிள், புளூடூத். கேமுக்கு வயர்தான். வயரில் கணினி விநாடிக்கு 1000 முறை கீபோர்டைக் கேட்கிறது, ஒரு மில்லி விநாடிக்கு ஒரு முறை. விநாடிக்கு 125 முறை என்றால் அதுவே 8 மில்லி விநாடி. தமிழ் அடிக்க எதுவானாலும் போதும். பல விசைகளை ஒன்றாக அழுத்தினால் எல்லாம் பதிகிறதா என்பதையும் சோதித்தேன்: இடது ஷிஃப்ட், டபிள்யூ, ஏ, ஸ்பேஸ் நான்கையும் பிடித்துக்கொண்டு மற்றவற்றைத் தட்டினேன். எல்லாம் வந்தன. சில மலிவுப் பலகைகள் புளூடூத்தில் ஆறுக்கு மேல் எடுக்காது, வயரில் எடுக்கும், அதனால் இரண்டிலும் பாருங்கள்.

விண்டோஸில் தமிழ் 99ஐ 2019 மே புதுப்பிப்பிலிருந்து உள்ளேயே சேர்த்திருக்கிறார்கள், தனியாக எதுவும் போட வேண்டாம். ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இடது ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் சேர்ந்து அழுந்தினால் மொழி மாறும். கேமில் இந்த இரண்டும் அடிக்கடி சேர்ந்து அழுந்தும். நடு ஆட்டத்தில் மருமகன் நண்பனுக்கு அடித்த செய்தி ‘உஈஅ’ என்று போனது. மொழி அமைப்பில் அந்தக் குறுக்குவழியை நீக்கிவிட்டு, விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் மட்டும் போதும் என்று வைத்தேன்.

பலகையின் உடம்பு டைப்ரைட்டர் போல உயரம், முன் ஓரமே 23 மி.மீ. மணிக்கட்டு மடங்கி நின்றது. பக்கத்துத் தளவாடப் பட்டறையில் ரப்பர் மரத் துண்டு ஒன்றை 5 வெள்ளிக்கு வாங்கினேன், 36 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலம், 20 மி.மீ. உயரம். முன் விளிம்பைச் சாய்வாகச் சீவி, 120 உப்புத்தாள், பிறகு 240, மேலே இரண்டு பூச்சு வார்னிஷ். அடியில் பழைய மவுஸ் அட்டையை வெட்டி ஒட்டினேன். மொத்த வேலையிலும் கைக்கு அதிக நிம்மதி கொடுத்தது இந்த ஐந்து வெள்ளிதான். எந்தப் பலகை வாங்கினாலும் முன் ஓர உயரத்தை முதலில் அளந்து, அதைவிட மூன்று மி.மீ. குறைவாகக் கட்டை போடுங்கள்.

நம் ஊர் ஈரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மழைக்காலத்தில் ம விசை ஒரு தட்டுக்கு இரண்டாக விழ ஆரம்பித்தது. தமிழ் 99இல் ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதுக்குப் புள்ளி வந்துவிடும், ஆகவே ‘மரம்’ என்பது ‘ம்மரம்’ ஆகும். ஆங்கிலத்தில் அடிப்பவர் எழுத்து இரட்டிப்பதைப் பார்த்ததும் கண்டுபிடிப்பார். தமிழில் இது எழுத்துப்பிழை மாதிரியே தெரிவதால் சந்தேகம் கீபோர்டு மேல் போக நேரமாகும். சுவிட்சைக் கழற்றி, தண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, எலெக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனரை (18 வெள்ளி) ஒரு பீச்சு பீச்சி, முப்பது நாற்பது தடவை அழுத்தி விட்டு, ஒரு இரவு காயவைத்ததும் சரியானது. அப்போதிருந்து வேலை முடிந்தால் துணி போட்டு மூடுகிறேன். குரோம் வளையங்களில் வியர்வை படும் இடத்தில் மங்கல் தெரிகிறது, அவற்றை மேல்வரிசைக்கு நகர்த்தியதில் அதுவும் ஒரு நன்மை.

கணக்கு: பலகை 229, மாதிரிக் கட்டை 24, சுவிட்சுகள் 59, மூடிகள் 68, கிரீஸ் 12, கிளீனர் 18, மரம் 5. ஆக 415 வெள்ளி.

அடுத்த முறை செய்வதானால் மாதிரிக் கட்டையை வாங்க மாட்டேன். அந்தக் காசோடு இன்னும் பத்து வெள்ளி சேர்த்து, சிவப்பு, வெள்ளை, பிரவுன் மூன்று வகையிலும் பத்துப் பத்துச் சுவிட்ச் வாங்கி, நேரே பலகையில் மாட்டி ஒரு பக்கம் அடித்துப் பார்ப்பது மேல். நீலம் போட்ட பலகைக்குப் பதில் பிரவுன் போட்டதையே கேட்பேன். விலை ஒன்றுதான், 35 சுவிட்ச் மிச்சம், என்டருக்கு ஒரே ஒரு நீலம் தனியாக வாங்கினால் போகிறது. வட்ட மூடியின் விட்டத்தையும் முன் ஓர உயரத்தையும் மில்லிமீட்டரில் சொல்லச் சொல்லி விற்பவரிடம் முதலிலேயே கேட்பேன். கழற்றி வைத்த நீலச் சுவிட்சுகள் ஒரு டப்பாவில், சிலிக்கா ஜெல் பையோடு இருக்கின்றன. மருமகன் தனக்கென்று ஒரு பலகை வாங்கும்போது எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான், டபிள்யூ, ஏ, எஸ், டி தவிர மற்ற விசைகளுக்கு.